யார் செய்து கொடுத்தது?

ஹெல்மெட்டைக் கழற்றும்வரை அந்த மனிதருக்கு என் தங்கை மகள்மீது மிகுந்த மரியாதை இருந்தது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு நகரம். அறிவியல் புனைகதை ரசிகர்கள் கூடும் கண்காட்சி மண்டபம். கல்லூரி விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நான், கையில் தண்ணீர் பாட்டிலும் தோளில் அவள் மகளுடைய உதிரிப்பொருள் பையுமாக, காவடி எடுப்பவன் பின்னால் நடக்கும் உறவுக்காரியைப் போல அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன். அவள் உச்சி முதல் பாதம் வரை வெள்ளைக் கவசத்தில் இருந்தாள். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் பேரரசின் சிப்பாய்களாக வருவார்களே, அந்த ஸ்டார்ம்ட்ரூப்பர். ஹெல்மெட்டுக்குள் மைக் இருந்ததால் குரல் போலீஸ் வயர்லெஸ் குரல் மாதிரி கரகரத்தது. அந்த மனிதர் ஐந்து நிமிடமாக அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். என்ன பசை, எத்தனை நாள், தோள்பட்டையை எப்படித் தொங்கவிட்டாய் என்று ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்பதுபோல் கேட்டார். அவளும் பதில் சொன்னாள். தண்ணீர் குடிக்க ஓரமாக ஒதுங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். வியர்வையில் நனைந்த பின்னல், மூக்குத்தி.

“ஓ” என்றார் அவர். அடுத்த கேள்வி: “யார் செஞ்சு குடுத்தது? பாய்ஃபிரண்டா, அப்பாவா?”

அப்பா என்றால் என் தங்கையின் கணவர். நல்ல மனிதர். அவர் வீட்டில் சுத்தியல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மனைவியைத்தான் கூப்பிடுவார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கு எதிராக எழுதப்படுகிறது.

இது என்ன பைத்தியம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். திரைப்படத்தில் வரும் கவசத்தை அப்படியே, ஒரு கோடு பிசகாமல் தங்கள் கையால் செய்து அணிகிறவர்களின் மன்றங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது 501ஆவது லீஜியன். 1997இல் அமெரிக்காவின் தென் கரோலைனாவில் ஆல்பின் ஜான்சன் என்பவரும் அவர் நண்பரும் தொடங்கியது. ஜான்சன் விபத்தில் ஒரு காலை இழந்தவர். பிறர் பார்வை தன் காலுக்குப் போவதை அன்றாடம் அனுபவித்த ஒருவர், எல்லாரையும் ஒரேபோல் ஆக்கும் ஒரு வெள்ளை உடுப்பைத் தேடிப்போனதில் எனக்கு வியப்பில்லை. பார்க்கப்படும் உடம்போடு வாழ்வது எப்படி என்று பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மன்றத்தில் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும். சொந்தமாகக் கவசம் வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் உடுப்புக்கும் ஒரு விரிவான இலக்கண நூல் வைத்திருக்கிறார்கள். எந்தத் தகடு எந்த இடத்தில், எந்தப் பட்டை என்ன அகலம், எந்தப் பொத்தானுக்கு என்ன நிறம் என்று அதில் இருக்கும். முன்னும் பின்னும் இருபுறமும் படம் எடுத்து அனுப்பினால், அதற்கென்று உள்ள பொறுப்பாளர் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏற்பார், அல்லது திருத்தச் சொல்லித் திருப்புவார். நிகழ்ச்சிகளுக்குப் போவதற்குக் கூலி வாங்கக் கூடாது. கொடுப்பதாக இருந்தால் தர்ம காரியத்துக்குக் கொடுக்கச் சொல்வார்கள்.

பெட்டி வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். ஆள் உட்காரலாம், அத்தனை பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே கவசம் எதுவும் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் தகடுகள்தான் இருந்தன. சூட்டில் இளக்கிய ஏபிஎஸ் தகட்டை அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சின் வடிவத்தை அப்படியே கவ்விக்கொள்ளும். படத்துக்கும் இப்படித்தான் செய்தார்கள். ஓரமெல்லாம் வெட்டப்படாமல், இட்லித் தட்டை மாவோடு கவிழ்த்ததுபோல் வந்திருந்தது. “இந்தக் காசுக்கு ரெண்டு சவரன்ல ஒரு சங்கிலி எடுத்திருக்கலாம்” என்று தங்கை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊரிலிருந்து அம்மா, “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி பட்டாளத்தான் வேசம்?” என்று போனில் கேட்டாள். கேட்டவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆறு வாரம் நான் அந்த கேரேஜில் எடுபிடி. வளைந்த கத்தரியால் அவள் ஓரம் வெட்டுவாள், நான் உப்புத்தாள் போடுவேன். கைக்கவசம் என்பது இரண்டு பாதிகள். இரண்டையும் விளிம்போடு விளிம்பு வைத்து, மேலே 15 மில்லிமீட்டர் அகலப் பட்டையை ஒட்ட வேண்டும். காலுக்கு முன்பக்கம் 20. பசை காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை இருபுறமும் காந்தங்களை வைத்துக் கவ்வப் பிடிக்க வேண்டும். வளைவு சரியாக வராத தகட்டை வெந்நீரில் காட்டி, கையுறையோடு வளைத்துக் குளிர்நீரில் அமுக்குவாள். வெட்டி விழுந்த துண்டுகளைக்கூட வீணாக்கவில்லை. அசிட்டோனில் கரைத்தால் அதே வெள்ளையில் ஒரு பிசின் கிடைக்கிறது, விரிசலுக்குப் பூசலாம். பிறகு எலாஸ்டிக், நைலான் பட்டை, பிரஸ் பட்டன். ஒரு கவசத்தின் உட்புறத்தைப் பார்த்தால் ரவிக்கையின் உட்புறம்போல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வெளியே போர், உள்ளே முழுக்கத் தையல்.

எனக்கு அந்த வேலை அந்நியமாக இல்லை, அதற்கு ஒரு காரணம் உண்டு. பட ஸ்டில்களை விரித்து வைத்துக்கொண்டு, “பெரியம்மா, இந்த ஷாட்ல இந்தக் கோடு இருக்கு, அந்த ஷாட்ல இல்ல, எது மூலம்?” என்று அவள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இருபது வருடமாகச் செய்துவரும் வேலை அது. பாடபேதம் பார்ப்பது. ஏடு எழுதியவன் கைதவறி விட்ட எழுத்தா, மூலத்திலேயே அப்படியா என்று மண்டையை உடைத்துக்கொள்வது. 1976இல் இங்கிலாந்தில் அவசர அவசரமாகச் செய்யப்பட்டவை அந்தக் கவசங்கள். ஹெல்மெட் இடமும் வலமும் ஒத்திருக்காது. கோடுகளைக் கையால் தீட்டியிருந்தார்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. துல்லியமாகச் செய்வதென்றால் அந்தக் கோணலையும் சேர்த்துச் செய்ய வேண்டும். சரிசெய்துவிட்டால் தப்பு!

இந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ கடித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பட்டறையின் அவசரக் கோணல், இன்று உலகம் முழுக்க மில்லிமீட்டர் கணக்கில் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. நல்லதுதான். கோணலைப் போற்றுவதிலும் ஒரு கல்வி இருக்கிறது. ஆனால் யாருடைய கோணல், யாருடைய நேர்த்தி வரலாறாகிறது?

1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த இருவர் மட்டும் எதிர்கால மனிதர்களின் உடையில் வந்தார்கள். ஒருவர் ஃபாரஸ்ட் அக்கர்மன். பின்னாளில் புகழ்பெற்ற பத்திரிகை ஆசிரியர், அறிவியல் புனைகதை உலகின் பிதாமகர். மற்றவர் மர்டில் டக்ளஸ். மொரோஜோ என்ற பெயரில் எழுதியவர், எஸ்பராண்டோ மொழி ஆர்வலர், 35 வயதுப் பெண். அவர்கள் உடையின் மாதிரி ஃபிராங்க் பால் வரைந்த பத்திரிகை ஓவியங்களிலிருந்தும் 1936இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ படத்திலிருந்தும் எடுத்தது. ஒரு படத்தைப் பார்த்து அதன் உடையை நிஜத் துணியில் மறுபடி உண்டாக்குவது என்ற இந்தக் கலையின் தொடக்கப் புள்ளி அது. இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் மொரோஜோ. நெடுங்காலம் வரலாறு என்ன சொன்னது? அக்கர்மன் முதன்முதலில் வேடமிட்டு வந்தார் என்றது. கூடவே ஒரு பெண்ணும் வந்தாள், அவள்தான் தைத்தாள் என்று அடிக்குறிப்பில் சேர்த்தது. அணிந்தவன் முன்னோடி, ஆக்கியவள் தையல்காரி. அவர் 1964இல் இறந்தார். இன்று சில ஆய்வாளர்கள் அவர் பெயரை முன்னால் கொண்டுவருகிறார்கள். தாமதம்தான்.

இன்னொரு பெயர் லிஸ் மூர். குப்ரிக்கின் ‘2001’ படத்தின் கடைசியில் வரும் நட்சத்திரக் குழந்தையைச் செதுக்கியவர். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தங்க ரோபோவுக்கு உரு கொடுத்ததில் அவர் கை உண்டு. 1976இல் கார் விபத்தில் இளம் வயதிலேயே இறந்துபோனார். படம் வெளியாவதைப் பார்க்கவில்லை. ஸ்டார்ம்ட்ரூப்பர் ஹெல்மெட் விஷயத்தில் ஆண்கள் வழக்காடிப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். அது சிற்பமா இல்லையா என்பது கேள்வி. இல்லை, அது படத்துக்கான ஒரு சாமான் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. ஒரு ஹெல்மெட் சிற்பமா என்று கேட்க இத்தனை வழக்கறிஞர்கள் இருந்தார்கள். மொரோஜோவின் தையல் கலையா என்று கேட்க எந்த நீதிமன்றமும் கூடவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோபம் அங்கிருந்துதான் வருகிறது. என் முனைவர் பட்ட ஆய்வு ஒரு சிற்றிலக்கியத்தின் பாடபேதங்கள் பற்றியது. ஏட்டுக்கு ஏடு, சீருக்குச் சீர் ஒப்பிட்டு நான்கு ஆண்டுகள் உழைத்தேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் எழுந்து, “அம்மையார் மிகுந்த பொறுமையோடு செய்திருக்கிறார்” என்றார். அதே மாதம், அதே அறையில், என்னில் பாதி ஏடுகளைக்கூடப் பார்க்காத ஓர் ஆண் ஆய்வாளரைப் பற்றி அவரே சொன்ன சொல் ‘புலமை’. நான் அப்போது நன்றி சொல்லிக் கும்பிட்டேன். ஆண்கள் நுணுக்கமாகச் செய்தால் அறிவு. நாம் செய்தால் பூத்தொடுப்பதுபோல், கோலமிடுவதுபோல், உடம்போடு பிறந்த ஒரு சாந்தகுணம். ‘யார் செய்து கொடுத்தது’ என்பதும் ‘பொறுமையாகச் செய்திருக்கிறாய்’ என்பதும் ஒரே வாயின் இரண்டு பேச்சுகள்.

நம்மிடம் துல்லியம் கேட்கப்படுவதே இல்லையா? கேட்கிறார்கள். உடம்பிடம் கேட்கிறார்கள். என் தங்கை மகள் 5 அடி 2 அங்குலம். அவளிடம், “நீ ஸ்டார்ம்ட்ரூப்பருக்குக் குள்ளம்” என்று சொல்லாத ஆள் அந்த மண்டபத்தில் குறைவு. அது படத்திலேயே வருகிற கேலி. கவசத்தில் ஒளிந்து வந்த நாயகனைப் பார்த்து இளவரசி லேயா சொல்வது. பேசும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அந்தப் படத்தில், ஒரு பெண் வாயால் ஆணைக் கேலி செய்யச் சொன்ன வசனத்தை எடுத்து, நாற்பது வருடமாகப் பெண்கள்மீதே எறிந்துகொண்டிருக்கிறார்கள்.

அவள் அந்தக் குறையை எப்படிக் கையாண்டாள் என்று பார்த்தேன். தொடைக் கவசத்தின் கீழ் விளிம்பில் ஒரு வரம்பு உண்டு. படத்தில் தெரிவது, அதைத் தொடக்கூடாது. எனவே மேல்பக்கத்தை வெட்டினாள். ஒரு தடவைக்கு அரை அங்குலம். போட்டுப் பார்ப்பாள், உட்கார்ந்து பார்ப்பாள், மறுபடி வெட்டுவாள். மொத்த உருவத்தின் விகிதம் கெடாமல் ஒரு ஆளுயரக் கவசத்தைத் தன் உடம்புக்குக் கொண்டுவந்தாள். ஆறடி ஆண் ஒருவன் வந்தபடியே ஒட்டிப் போட்டுக்கொள்ளும் கவசத்துக்கு அவள் இருமடங்கு வேலை செய்தாள். கெட்டிக்காரி என்று இதைப் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அச்சு யாருடைய உடம்புக்கு எடுக்கப்பட்டதோ அவர்களுக்கு அது அச்சாகவே தெரிவதில்லை. அலுவலக நாற்காலி, பேருந்தின் கம்பி, மேடையில் என் மோவாய்க்கு மேலே நிற்கும் ஒலிபெருக்கிக் கம்பம்… நான் ஒவ்வொரு கருத்தரங்கிலும் அதைத் திருகி இறக்கிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறேன்.

அப்படியானால் பெண்ணுக்கென்று தனிக் கவசம் செய்துவிடலாமே என்று சந்தை முன்வருகிறது. அது தரும் கவசத்தில் இரண்டு கிண்ணங்கள் இருக்கும். விண்வெளி விளையாட்டுகளிலும் படங்களிலும் பார்த்திருப்பீர்கள்: ஆணுக்குக் கவசம், பெண்ணுக்கு மார்பு வடித்த கவசம். கவசம் என்பதன் வேலையே அடியை வழுக்கித் தள்ளுவது. ஐரோப்பிய இரும்புக் கவசங்கள் பலவற்றில் நெஞ்சின் நடுவே படகின் அடிமரம்போல் ஒரு மேடு இருக்கும், வாளோ ஈட்டியோ பக்கவாட்டில் சறுக்கிப் போக. இரண்டு கிண்ணம் வடித்துவிட்டால் நடுவில் பள்ளம். வந்த அடி நேராக நெஞ்செலும்புக்கு வழிகேட்டுப் போகும். கவசத்துக்கு உள்ளே பஞ்சு மெத்தையுடுப்பு வேறு இருக்கும்; உடம்பின் வளைவு வெளியே தெரிய வழியே இல்லை. பெண்ணைச் சாகவிட்டாவது அவள் பெண் என்று அடையாளம் காட்ட வேண்டும் என்பது எப்பேர்ப்பட்ட அக்கறை!

2015இல் வந்த படத்தில் கேப்டன் ஃபாஸ்மா என்ற பாத்திரம் முழு உலோகக் கவசத்தில் வந்தது. நடித்தவர் க்வெண்டோலின் கிறிஸ்டி. கவசத்தில் பெண் அடையாளம் எதுவும் இல்லையே என்று ஒரு ரசிகர் குறைப்பட, இது ஒரு பெண் அணிந்திருக்கும் கவசம், பெண்மையாகத் தெரிய வேண்டியதில்லை என்ற பொருளில் படத்தின் அதிகாரபூர்வப் பக்கமே பதில் சொன்னது. பதிலை நான் வரவேற்கிறேன். கூடவே, அவருக்குப் படத்தில் கிடைத்த நேரத்தையும், கடைசியில் குப்பைக் கிடங்குக்கு அனுப்பப்பட்டதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

உடுப்பு குறைந்தால் வேறு கணக்கு. 1983 படத்தில் லேயாவை அடிமையாக்கிச் சங்கிலி போட்டு உலோக உள்ளாடையில் உட்கார வைத்தார்கள். அந்த வேடத்தைச் செய்து அணிகிற பெண்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் உலோக வேலைப்பாடும் கடினமானதுதான். அந்த உடையைக் கண்டதும் கைநீட்டலாம் என்று நினைக்கிற கூட்டத்தோடு சண்டை. 2014இல் நியூயார்க் காமிக் கான் வாசலில், வேடம் அணிந்திருப்பது சம்மதம் ஆகாது என்று பலகை எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஒரு பலகையே வைத்துச் சொல்ல வேண்டிய அளவுக்கு அது அவர்களுக்குப் புதிய செய்தி.

என் துறைத் தோழி ஒருத்தி, நான் மதிக்கிற பெண்ணியவாதி, இதையெல்லாம் கேட்டுவிட்டு, “சரிடி, ஆனா அது பேரரசோட சிப்பாய் வேசம்தானே? கொல்றவன் உடுப்பு. அதுல என்ன விடுதலை?” என்றாள். இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற பெயரே ஜெர்மானியப் படைகளிலிருந்து வந்தது. உடுப்பின் அழகே அதன் ஒழுங்கில் இருக்கிறது. அந்த ஒழுங்கு என்ன செய்யும் என்று ஈழத்துப் பெண்களிடம் கேட்க வேண்டும். இதன் பின்னால் ஒரு மாபெரும் வணிகமும் இருக்கிறது. இந்த மன்றத்தார் மருத்துவமனைக் குழந்தைகளைப் பார்க்கப் போகிறார்கள், நிதி திரட்டுகிறார்கள். ஜான்சனின் சின்ன மகள் மூளைக் கட்டியால் 2005இல் இறந்தாள். அவளுக்காக இளஞ்சிவப்பில் ஒரு ரோபோ செய்தார்கள், அது 2015 படத்திலும் தோன்றியது. இவையெல்லாம் தோழியின் கேள்வியை அழித்துவிடாது என்று எனக்குத் தெரியும். நான் அவளிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். உன் மகன் பத்து வயதில் பொம்மைத் துப்பாக்கியோடு ஓடினானே, அப்போது இந்தக் கேள்வியைக் கேட்டாயா? அவள் பதில் சொல்லவில்லை. காபி ஆறிப்போயிருந்தது. அவள் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது, என் கேள்வி அவளோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் முதல்முறை திரும்பி வந்தது. கெண்டைக்கால் கவசத்தின் பின் இணைப்பில் இடைவெளி தெரிகிறது, மூடவும். கழுத்துப்பட்டை மடிகிறது, சரிசெய்யவும். அவ்வளவுதான். பெண் என்றோ குள்ளம் என்றோ நிறம் என்றோ அந்தக் குறிப்பில் ஒரு சொல் இல்லை. அவள் அதைப் படித்துக்காட்டியபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். இருபத்திரண்டு வயதுக்குள் எத்தனையோ ‘இல்லை’களைக் கேட்டவள். ஒரு தகட்டின் இடைவெளிக்காக மட்டும் சொல்லப்பட்ட ‘இல்லை’ அவளுக்கு அதுதான் முதல். அன்றிரவே வெந்நீர் வைத்தாள்.

மண்டபத்து மனிதருக்கு அவள் என்ன சொன்னாள் என்று சொல்லவில்லையே. நான் வாயைத் திறப்பதற்குள், “பெரியம்மா, இதைப் பிடிங்க” என்று ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தாள். இடது கையை அவர் கண்ணுக்கு நேரே நீட்டி, நிதானமாக ஆரம்பித்தாள். இந்தப் பட்டை 15 மில்லிமீட்டர், இதை ஏன் உள்பக்கமும் ஒட்டினேன் என்றால்... மணிக்கட்டு முடிந்து முழங்கைக்கு வந்தபோது அவர் ஒருமுறை கடிகாரம் பார்த்தார். தோளுக்கு வந்தபோது இரண்டாவது முறை. தொடைக்கு அவள் இன்னும் வரவில்லை.